இடுப்பு வலிப் பந்தயம்

அடியே, இன்று காலை தோட்டத்துக் கிளினிக்கில் யாரோ பனடோல் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பழையபடி நீ என் பக்கத்துக் கொழுந்து நிரையில் வந்து நிற்பது போல் இருந்தது. அதற்குப் பிறகு கேட்ட செய்தியை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

நம் இருவருக்கும் ஒரே இடுப்பு வலி. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்ததும் பாலில்லாத சாயத்தண்ணியோடு ஆளுக்கு இரண்டு பனடோல் விழுங்குவோம். யாருக்கு வலி முதலில் திரும்புகிறதோ அவள் தோற்றவள் என்று பந்தயம். தோற்றவளின் கூடையையும் ஜெயித்தவள் கொழுந்து நிறுவைக்குத் தூக்க வேண்டும். முதல் நிறுவைக்கு முன்பே, "எனக்கு வந்திருச்சுடி, தூக்கு" என்பாய். "நல்லா நடிக்கிற" என்று திட்டிக்கொண்டே தூக்குவேன்.

தலையில் போடும் கொங்காணி மடிப்புக்குள் நீ இன்னொரு அட்டை வைத்திருந்தது எனக்கு மட்டுமே தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. உன் மகளைக் காட்டி, "இவ ஒருத்திய பதுளைக்கு அனுப்பிப் படிக்க வச்சிருவேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்பாய். உன் மாமியாரோ பேரன் வேண்டுமென்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தால் மகளின் படிப்பும் போயிருக்கும், நீயும் லயத்து வீட்டில் நிம்மதியாக இருந்திருக்க மாட்டாய். ஒத்தப் பிள்ளைக்காரி என்று ஊரே பேசியதை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டாய்.

இன்று மருத்துவமாது என்ன சொன்னாள் தெரியுமா? "பனடோல் ஆம்பள உடம்புல ஒரு மாதிரி, பொம்பள உடம்புல ஒரு மாதிரி வேலை செய்யும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை போடுறவங்க உடம்பு அத இன்னும் சீக்கிரமா வெளிய தள்ளிரும். வலி சீக்கிரம் திரும்பலாம். அதுக்காக நீங்களா கூட ஒண்ணு போட்டுறாதீங்க, ஈரலுக்கு ஆகாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ நடிக்கவே இல்லையடி! அந்த மாத்திரை இந்த மாத்திரையைத் துரத்தியிருக்கிறது. உன் ரகசியத்தை உன் இடுப்பே தினமும் கத்திச் சொல்லியும் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ஏன் பெரியம்மா சிரிக்கிறீங்க?" என்றாள் மருத்துவமாது. ஆமாம், உன் மகள்தான். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்குத்தான் தாங்கவில்லை.

மழை நாளில் என் வலது தோள் இன்னும் கடுக்கிறது. உன் கூடையைச் சுமந்த தோள். அவள் படித்ததில் இந்தத் தோளுக்கும் பங்கு உண்டு. இல்லையென்று சொல்லிப் பாரேன்!