மடக்குக் கட்டிலில் படுத்த இளவரசனுக்கு

நீர் குன்றாத நெடுங்கழனி நாட்டுக்கு நலம் உண்டாகுக. மூன்று ஆறுகளுக்கு உரியவளும், பகை மன்னர் இருவரைத் தேர்க்காலில் பூட்டியவளும், முன்னோர் விதித்த முறையில் ஓர் எழுத்தும் பிறழாதவளுமான ஆழிமங்கைப் பெருந்தேவி, ஆனைமடுக் கோட்டையை வளைத்துச் சேற்றுக்கரையில் பாசறை இறங்கியிருக்கும் நம் சேனாபதியும், நம் தாய் வயிற்றில் நமக்குப் பின் பிறந்தவனும் ஆகிய இளவரசன் வேள்மாறனுக்கு எழுதுவித்த ஓலை. உபசேனாபதி கோளரி இதைப் படையின் நடுவே நின்று உரக்க வாசிக்கக் கடவன்.

தம்பி, நீ விடுத்த ஓலை கிடைத்தது. மழை ஓயவில்லை என்றும், தரை எங்கும் சேறும் அட்டையும் என்றும், பகைவரின் வாளைக் காணாமலே வீரர் குளிர்சுரத்தில் மடிகின்றனர் என்றும் எழுதியிருந்தாய். கூடாரம் தைக்கும் சேந்தி என்பவள் குறுக்காகப் பூட்டிய மூங்கில் கால்களில் தடித்த துணியை இழுத்துக் கட்டி ஒரு கட்டில் செய்தாள் என்றும், அது விறகுக் கட்டுபோல் மடங்குகிறது என்றும், வேலோடு சேர்த்து அதையும் ஒருவனே சுமந்து நடக்கலாம் என்றும், விலை ஒரு கோழிக்கு மேல் இல்லை என்றும், அதில் படுத்த பின் சுரம் தணிந்தது என்றும் மகிழ்ந்து எழுதியிருந்தாய். வீரர் அதில் ஏற அஞ்சியபோது முதலில் நீயே படுத்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை இருமுறை வாசிக்கச் செய்தோம்.

ஓலையோடு நீ அனுப்பிய கட்டிலில் நாமும் ஒரு பகல் படுத்துப் பார்த்தோம். முதுகுக்கு இதமாகவே இருந்தது. இத்தனை நல்ல பொருளைப் படைக்கு அளித்தவனைப் படை மறக்காது என்பது படுத்தவுடன் விளங்கிற்று.

நம் தேக்குக் கட்டிலைத் தூக்கப் பதினாறு பேர் வேண்டும் என்பதும், அது வந்து சேரும்வரை படை காத்து நிற்கும் என்பதும் நீ அறிந்ததே. உன் பாசறையில் அடுப்படியில் எழுந்த பேச்சை ஒற்றன் கேட்டபடியே இங்கு எழுதுவிக்கிறோம். "அம்மா கட்டிலுக்குப் பதினாறு தோளு வேணும், நம்ம கட்டிலுக்கு ஒரு கக்கம் போதும்டா" என்றானாம் ஒருவன். "அப்போ யாருடா ராசா?" என்றானாம் மற்றொருவன். எல்லோரும் சிரித்தனராம். நீயும் அங்கிருந்தாயாம். சிரித்தாயா என்பதை ஒற்றன் கூறவில்லை; நாமும் கேட்கவில்லை.

முன்னோர் விதித்த பாசறை முறையை நீ பிள்ளைப் பருவத்தில் மனப்பாடமாய் ஒப்பித்திருக்கிறாய். பாசறையில் மண்ணை விட்டு உயர்ந்து கிடப்பவர் இருவரே: ஒருவர் முடி சூடியவர், மற்றவர் பாடையில் ஏற்றப்பட்டவர். நீ முடி சூடவில்லை. ஆகவே நீ யார் என்பதை முறையே கூறிவிட்டது.

உன் மரணம் தலைநகரில் பறையறைந்து அறிவிக்கப்பட்டது. நாம் நீராடினோம். உன் மனைவி அவிழ்ந்த கூந்தலோடு வந்து நம் காலைப் பற்றினாள். "நேத்துக்கூட ஓலை வந்துச்சே அக்கா, செத்தவர் எப்படி எழுதுவார்?" என்று அழுதாள். ஓலை மெல்ல நடக்கும், மரணம் முந்திக்கொள்ளும் என்று ஆறுதல் கூறி, தாலியை நம் கையாலேயே வாங்கிக்கொண்டோம். பிறர் கை பட விடவில்லை. அவள் நம் வீட்டுப் பெண்.

போரில் மாண்ட சேனாபதிக்கு அரசர் ஓலை விடுப்பதும், அதைப் பாடையருகே வாசிப்பதும் நம் குல வழக்கம். நீ கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஓலைதான். இவ்வழக்கம் தொடங்கிய நாள் முதல் தன் ஓலையைத் தன் செவியால் கேட்டவன் நீ ஒருவனே. இப்பெருமை உனக்கே இருக்கட்டும்.

குற்றம் என் ஒருவனுடையது, தைத்தவளையும் படுத்தவர்களையும் விட்டருள்க என்று ஓலையின் இறுதியில் வேண்டியிருந்தாய். அவ்வேண்டுகோளை ஒரு குறையும் இன்றி ஏற்றோம்.

இனி வரும் சொற்கள் கோளரிக்கு. கோளரி, இளவரசரை அவருடைய கட்டிலிலேயே கிடத்துக. கைகால்களைக் கட்டுக, சவத்தைக் கட்டுவது எங்கும் உள்ளதே. சுரம் தணிந்து எழுந்த வீரர் நால்வர் தூக்கிச் செல்லக் கடவர். இளவரசர் பேசினால் எவரும் மறுமொழி கூறலாகாது. பொழுது சாயுமுன் சிதை மூட்டப்பட வேண்டும். மறுத்து நிற்பவன் உளன் எனில் அவனுக்கும் அருகில் இடம் உண்டு.

சிதையில் இளவரசரை இறக்கிய பின் அக்கட்டிலை எரிக்கலாகாது. துணியைத் துவைத்து, மடித்துப் பண்டசாலையில் சேர்க்க. நாளைக் காலை முதல் பாசறை முறை திருத்தப்படுகிறது. வீரர் அனைவரும் மழை நீங்கும்வரை மடக்குக் கட்டிலில் துயிலலாம். ஒவ்வொரு கட்டிலிலும் நம் முத்திரை குத்தப்படும். சேந்திக்குப் பொன் வளையல் ஒரு சோடி தரப்படும். இக்கட்டிலை அருளியவர் யார் என்று கேட்டால், படையில் ஒவ்வொருவனும் நம் பெயரைச் சொல்லக் கடவன்.

நம் சொல்லால் எழுதுவித்து, நம் கையால் முத்திரை இட்டோம். மறுமொழி ஓலை வேண்டா. சாம்பலை மட்டும் அனுப்புக.