அமலியின் மொண்ணைக் கோடாரி

என் அமலிக்கு,

நாயுடுபுரத்தில் இன்று காலை நல்ல வெயில். டிசம்பரில் வெயிலைக் கண்டால் நீ முதலில் போர்வைகளைத்தான் வெளியே எடுப்பாய். நானும் எடுத்துப் போட்டேன். மத்தியானமே மஞ்சு இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. "இந்த மனுசனுக்கு வானத்தப் பாக்கத் தெரியுதா பாரு" என்று உன் குரல் கேட்டது. கேட்டது என்றால், நானே சொல்லிக்கொண்டேன்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அடுப்பு விஷயம்.

நீ போனதிலிருந்து நம் ரொட்டி அடுப்பு எரியவில்லை. பன்னும் ரஸ்க்கும் வாங்கியவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, இந்த வருசம் கேக்குக்கு அடுப்பு உண்டா?" கிறிஸ்துமஸுக்கு முன்தினம் ஆளாளுக்கு வீட்டில் மாவு கலக்கி, தட்டில் ஊற்றி, யார் தட்டு என்று அடையாளம் தெரிய மேலே முந்திரியோ செர்ரியோ பதித்து, நம் வாசலில் வந்து நிற்பார்களே! வேதக்காரர்கள் மட்டுமா? பக்கத்து வீட்டுப் பாக்கியம் நெற்றி நிறையத் திருநீறோடு அல்லவா முதல் தட்டைக் கொண்டுவருவாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் "பாப்போம்" என்று சொல்லி நழுவினேன். எனக்கு விறகு பிளக்கத் தெரியாது. நீ, நான், நம் மகள் ஜெனி, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாக்கியம், இத்தனை பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. என் தோளைப் பார்த்துவிட்டு நான்தான் பிளக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நானும் மறுத்ததில்லை. மாவு என் பொறுப்பு, நெருப்பு உன் பொறுப்பு. கல்யாணமான புதிதில் நான் கோடாரியைத் தூக்கிய அழகைப் பார்த்து, "அதக் கீழ வச்சுட்டு மாவப் பெசைங்க. கை போச்சுன்னா கடையும் போச்சு" என்றாய். அன்றோடு விட்டவன்தான்.

ஜெனி திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தாள். "வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துருங்கப்பா. இந்தக் குளிர்ல தனியா என்ன சோலி ஒங்களுக்கு?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ராத்திரியில் இந்த வீடு ரொம்பப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை விட்டு எப்படிப் போவேன்? அவளோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தெருவுக்குக் கேக் சுட்டுக் கொடுத்துவிட்டால் நான் இங்கேயே இருப்பேன். முடியாவிட்டால் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே இறங்கிவிடுவேன். உடனே சரி என்றாள். நான் தோற்பேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுப்புக்குப் பின்னால் உன் கோடாரி கிடந்தது. எடுத்து அதன் வெட்டுவாயில் விரலை வைத்துப் பார்த்தேன். மொண்ணை. கத்தரிக்காய்கூட நறுக்காது. கன்னம் இரண்டும் புடைத்து, தலை கனத்து, காம்பு குட்டையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அமலி. இத்தனை வருசமும் இந்த மழுங்கலோடா மல்லுக்கட்டினாய்? "தீட்டித் தாங்க" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதா? கத்தி தீட்டுவதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆளுண்டா?

அன்று சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தீட்டினேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கூர். நீ இருக்கும்போது செய்யாததை இப்போதாவது செய்தேன் என்று ஒரு நிம்மதியோடு படுத்தேன்.

மறுநாள் வெள்ளனே முதல் போடு. வாட்டில் மரக்கட்டைக்குள் கோடாரி போய்ச் செருகிக்கொண்டது. கட்டையும் பிளக்கவில்லை, கோடாரியும் வரவில்லை. காலால் மிதித்துப் பிடுங்கி மறுபடி போட்டேன். மறுபடி செருகல். கோபத்தில் ஓங்கிப் போட்ட ஒன்று கட்டையில் வழுக்கி என் கால்பக்கம் வந்தது. பேன்ட் கிழிந்தது, கால் தப்பியது. குட்டைக் காம்பு, நெட்டை மனிதன். குறி தப்பினால் காலுக்குத்தானே வரும்? அந்த நேரம் பார்த்து ஜெனி காபியோடு வெளியே வந்தாள். தம்ளர் கீழே விழுந்தது. "போதும்ப்பா. அம்மாவக் குடுத்தது போதும்" என்றாள்.

சத்தம் கேட்டு வேலியோரம் வந்த பாக்கியம் கோடாரியை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, இதத் தீட்டுனீங்களா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஐயோ, அக்கா இத வேணும்னுதான மொண்ணையா வச்சிருந்துச்சு. கூரா இருந்தா வெட்டிக்கிட்டு உள்ள போயி மாட்டிக்கிரும். மொண்ணையா, தடியா இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் நெருக்கித் தள்ளிப் பொளக்கும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போட்டுப் போட்டுப் பழக்கிய வாய் அது. வருசக்கணக்கில் உன் கை அதில் படிந்திருந்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டு அதை ஒரே சாயங்காலத்தில் அழித்துவிட்டேன். நீ போன அன்றுகூட நான் இப்படித் தேம்பவில்லை என்று ஜெனி சொன்னாள்.

மறுநாள் வேறு கோடாரி வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். ஜெனி தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். கடைக்காரர் முதலில் நீட்டியது சிவப்புக் காம்பும் பளபளக்கும் வாயுமாக ஓர் அழகுக் கோடாரி. "இதான் சார் நெறையப் போகுது" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீ தோசைக்கல் வாங்குவதைப் பார்த்திருக்கிறேனே! தூக்கிப் பார்ப்பாய், தட்டிப் பார்ப்பாய், கீழே வைத்துவிட்டுக் கடைக்காரன் சலித்துப்போகும்வரை மறுபடி மறுபடி தூக்குவாய். நானும் அப்படியே செய்தேன். மூலையில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. தடித்த ஆப்புக்குக் காம்பு போட்ட மாதிரி இருந்தது அதன் தலை. அதைவிடக் கனமான இன்னொன்றும் இருந்தது. தலைக்குமேல் ஒரு தடவை தூக்கி இறக்கியதில் தோள் கெஞ்சியது. ஜெனி பார்ப்பதற்குள் வைத்துவிட்டேன். தூசி படிந்ததையே தரையில் நிறுத்திப் பார்த்தேன். காம்பு என் இடுப்புக்கு வந்தது. உன்னுடையது உன் இடுப்புக்கு வரும், இல்லையா?

"யாருக்கு சார், வேலையாளுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

ஜெனி விரலை வைத்துப் பார்த்து, "மொண்ணையா இருக்கேப்பா" என்றாள். "அதான் வேணும்" என்றேன். அவள் அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அங்கேதான் வெடித்தது.

பின்பக்கம் நீ போட்டுவைத்திருந்த பழைய ஜீப் டயர் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. கட்டைகளை அதற்குள் நெருக்கி நிறுத்திப் பிளந்தால் துண்டு சிதறாது, குனிந்து பொறுக்கவும் வேண்டாம். அதில் புதினா போடலாம் என்று இருந்தேன், நல்லவேளை போடவில்லை. அப்புறம் இன்னொன்றும் பிடிபட்டது. முக்கி ஓங்க வேண்டியதே இல்லை. தூக்கி, நேராக விட்டால் போதும். மிச்சத்தைக் கனம் பார்த்துக்கொள்கிறது. முதல் கட்டை இரண்டாக விழுந்தபோது வந்த சத்தத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். காலங்காலமாக மாவு பிசைந்துகொண்டே உள்ளேயிருந்து நான் கேட்ட சத்தம். அது கேட்டால் நீ பின்பக்கம் இருக்கிறாய் என்று அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு முன்தினம் அடுப்பு பற்றியது. செங்கல் சூடேற ரொம்ப நேரம் எடுத்தது, அதற்கும் உன் மேல் ஏக்கம்போல. பாக்கியம்தான் முதல் தட்டு. அப்புறம் வரிசை வாசலைத் தாண்டியது. கடைசியில் ஜெனி ஒரு தட்டை நீட்டினாள். எப்போது கலக்கினாளோ, எனக்குத் தெரியாது. ஓரத்தில் ஒற்றை முந்திரி, நீ பதிக்கும் அதே இடத்தில். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது. இருந்தாலும் தின்றோம்.

நேற்று ஜெனி ஊருக்குப் போனாள். சாவியைக் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது, "மஞ்சு எறங்கிட்டா வெரசா உள்ள போயிருங்க, வெளிய நின்னு பொளக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அச்சு அசல் உன் குரல்.

உன் கோடாரி? அதைப் பழையபடி ஆக்க முடியுமா என்று பாக்கியத்திடம் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணே, தெனம் போட்டுக்கிட்டே இருந்தா தானா மழுங்கிரும். என்ன, வருசம் ஆகும்" என்றாள்.

ஆகட்டும். பெரிய கட்டைக்கு என்னுடையது, உட்கார்ந்து சின்னக் கட்டை பிளக்க உன்னுடையது என்று வைத்துக்கொண்டேன். இன்று காலையும் கொஞ்சம் பிளந்தேன். நான் தீட்டிக் கெடுத்ததை நானே மொண்ணையாக்கித் தருவேன் அமலி, இது சத்தியம். நீ வைத்திருந்த அதே மொண்ணை வரும்வரை மலையை விட்டு இறங்க மாட்டேன், உன்னிடமும் வர மாட்டேன். நீ அவசரப்படுத்தாதே.

நீ சொல்லும் 'இந்த மனுசன்',
உன் வீட்டுக்காரன்
சவரிமுத்து