தப்புப் பதிலுக்கு ஒரு குழந்தை

இன்று காலை உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போட்டேன். முங்கியது. உன் நினைப்பு வந்தது. நீ போய்ப் பதினாறு நாள் ஆகிறது. உன் இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடித்து, 'ஒரு குழந்தையைக்கூட டீச்சர் அடித்ததில்லை' என்றார்கள். உண்மைதான். நான் அடித்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளில் நாம் பி.எட். படித்தபோது நீ கரமனையில் பஸ் ஏறுவாய், நான் வலியசாலைக்குப் பக்கத்தில் ஏறுவேன். கல்வித் தத்துவம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இலட்சியவாதத்தில் ஆசிரியரே முன்மாதிரி, இயற்கைவாதத்தில் குழந்தையை அதன் போக்கில் விட வேண்டும், பயனளவைவாதத்தில் குழந்தை செய்து பார்த்துக் கற்கும் என்று கம்பியைப் பிடித்தபடியே ஒப்பிப்பாய். கடைசிதான் உன் கட்சி. "கொழந்தை சொல்றதைத் தப்புன்னு நாம சொல்லப்படாது, கேட்டியா. அதுவே போட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கணுமாக்கும்" என்பாய்.

கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் யாராவது தப்பாகச் சொல்ல வேண்டுமே. நாம் பாடம் நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வன்று அப்படி யாரும் சொல்லாவிட்டால்? அன்றைய பாடத்திட்டத்தில் 'உருளைக்கிழங்கு மிதக்கும் என்கிறாள் மாணவி' என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, நாம் பயிற்சிக்குப் போன பள்ளியின் தமிழ் மீடியம் ஐந்தாம் வகுப்பில் நீ ஆள் தேடினாய்.

"அந்த மாரி போறும்டி. அவ மொகத்துக்குத் தப்புப் பதில் பொருத்தமா இருக்கும்" என்றாய். நான் சிரித்தேன்.

மாரியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கினாள். ஒத்திகையின் முதல் நாள் நீ கிழங்கைக் காட்டிக் கேட்டதும், "முங்கும் டீச்சர். அம்மா கூட நான்தான் அண்டாவுல போடுவேன்" என்றாள். நீ அவள் தலையைத் தடவி, "நீ மிதக்கும்னுதான் சொல்லணும், சரியா?" என்றாய். மூன்று நாள் தடவினாய். மூன்றாம் நாள் அவள் தயங்காமல் சொன்னாள்.

தேர்வன்று பின் பெஞ்சில் கூடப் படித்த நாங்கள் விமரிசன நோட்டுடன் உட்கார்ந்திருந்தோம். நிறை எத்தனை எழுதினாலும் குறை ஒன்றாவது எழுத வேண்டும் என்பது விதி. மாரி எழுந்து "மிதக்கும் டீச்சர்" என்றாள். அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னாய். கிழங்கு முங்கியது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. அதற்கு நீ ஒத்திகை பார்த்திருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு மட்டும் ஏக சந்தோஷம். அவரே எழுந்துபோய், "கல்லு இட்டாலோ, மோளே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மாரி தண்ணீரைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தாள்.

"மிதக்கும் டீச்சர்."

அவர் உன்னிடம் திரும்பி, இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பொறுமையா என்று வியந்தார். ஒரு வார்த்தை, 'சார், இவளுக்குத் தெரியும்' என்று ஒரே வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தாய். முதல் மார்க் உனக்குத்தான். அப்புறம் இருபது வருஷம் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பாடத்தையே மாதிரிப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தாய்.

எனக்கு அதே பள்ளியில் வேலை கிடைத்தது. மாரி ஐந்தாம் வகுப்பிலேயே தங்கியிருந்தாள். எதைக் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பரீட்சைத் தாளுக்கு முகம் இல்லை, அதனால் வெள்ளையாகவே கொடுத்துவிடுவாள். இரண்டாவது தடவையும் தோற்றதும் அம்மா ஹோட்டலுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அடித்த பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டாவது தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். செத்துப்போனவளிடம் சொல்வதற்கு இது கொஞ்சம் கூடுதல்தான். இருக்கட்டும்.

அந்த விமரிசன நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நிறை: 'குழந்தை தானே கண்டறிந்தது.' குறை: 'கரும்பலகை எழுத்து சற்றுச் சிறியது.' என் கையெழுத்துத்தான்.

உன் தேர்வுக்கு மறுநாள் என் பாடம். தப்புப் பதிலுக்கு நானும் மாரியைத்தான் எழுப்பினேன். சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.