நின்றிருந்த காத்தாடி

ஆரல்வாய்மொழியில் நீங்கள் வேலைபார்த்த பழைய காத்தாடியை, அந்தக் காற்றாலையை, கழற்றி கம்பெனி வாசலில் இறக்கி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்துக் காட்சிக்கு நிறுத்தப் போகிறார்களாம். கூப்பிட்டார்கள், போனேன். இறக்கைக்குப் பின்னால் கியர் இருக்கும் மேல்பெட்டியின் மூடியைத் திறந்ததும் கியர் ஆயில் வாசம் வந்தது. வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது வரும் அதே வாசம். சேலை அழுக்காகும் என்றார்கள். நான் கேட்கவில்லை, தொட்டுப் பார்த்தேன். புதுக் காத்தாடிகளுக்கு முன்னால் இது குழந்தை மாதிரி இருக்கிறது. இதை நம்பியா நமக்குக் கல்யாணம் நடந்தது என்று சிரிப்பு வந்தது.

நடக்காமலும் போயிருக்கும். பூதப்பாண்டியிலிருந்து அப்பா உங்களைப் பார்க்க வந்த அன்று ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. உங்கள் காத்தாடிக்கு வரும் லைனில் கரண்ட் போய், பிரேக் விழுந்து, அது மட்டும் அசையாமல் நின்றது. காத்தாடி ஓட்டுகிறேன் என்று மாப்பிள்ளை சொன்ன வேலையே பொய் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். எனக்கோ போட்டோவைப் பார்த்தே உங்களைப் பிடித்துப்போயிருந்தது.

நீங்கள் பொறுமையாக விளக்கினீர்களாம். இறக்கையைக் காற்று சுற்றும், கியர் அந்த வேகத்தைக் கூட்டி ஜெனரேட்டரைச் சுற்றும். ஆனால் லைனிலிருந்து கொஞ்சம் கரண்ட் வந்தால்தான் ஜெனரேட்டருக்குள் காந்தம் உண்டாகும். அதற்குப் பிறகே காற்றின் பலம் கரண்டாகி லைனுக்குப் போகும். அப்பாவுக்கு ஒன்றும் தலையில் ஏறவில்லை. கூட வேலைபார்த்தவர், பிரேக்கை எடுத்து ஒரு நிமிஷம் சும்மா சுற்றவிடு, சம்பந்தம் முடிந்துவிடும் என்று உங்கள் காதைக் கடித்திருக்கிறார். அது அப்பாவுக்கும் கேட்டது.

"லைன் இல்லாம விட்டா வேகம் பிடிச்சு எல்லாம் பறந்திரும். பெண்ணு தராட்டாலும் பரவாயில்ல, பிரேக்க எடுக்க மாட்டேன்" என்றீர்கள்.

அந்தப் 'பரவாயில்ல'வைச் சொல்லிச் சொல்லி உங்களை எவ்வளவு சீண்டியிருக்கிறேன். நீங்கள் தோசையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவீர்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "ஏட்டி, காத்தாடி சுத்தல்ல. நம்மள ஏமாத்த ஒரு நிமிசம் அவன் சுத்த விடவும் இல்ல. நீ அவன்கூட பயமில்லாம இருக்கலாம்."

அப்படித்தான் இருந்தேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள், நீங்கள் இல்லாமல் எல்லாம் நின்றுபோய்விட்டதே என்று வருத்தப்படுகிறார்கள். உங்கள் நினைப்பு வந்தால் நான் அழுவதும் உண்டு. பிறகு முகம் கழுவி, டீ போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருகிறேன். அன்றைக்கு உங்கள் காத்தாடி நின்ற மாதிரி வீடு நின்றுதான் இருக்கிறது. கெட்டுப்போகவில்லை.