நன்றித் திருப்பலியில் ஒரு பெயர்

இலோய்லோ,
5 செப்டம்பர் 1994

வானும் கடலும் வகுத்து, அவற்றினிடையே எளியோரை ஏந்திக் காக்கும் பரமபிதாவின் திருநாமம் போற்றி.

அன்புத் தங்கை ரொசெண்டாவுக்கு,

ஹாங்காங்கில் நீயும் நீ பணிபுரியும் வீட்டாரும் நலமா? உன் மகள் மாரிவெல் அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வான நாள்முதல், மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் அவள் பெயரால் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து வருவதை நீ அறிவாய். நேற்றும் பங்குத்தந்தை, "அறிவியல் பள்ளி மாணவி மாரிவெல்லுக்காக" என்று வாசித்தார். அவளுடைய தோழியின் தாய் பின்வரிசையிலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"என்ன பெரியவரே, இன்னுமா நன்றி? கணக்குல மார்க்கு பத்தலைன்னு ஜூன் மாசமே அவளை வெளிய அனுப்பிட்டாங்களே! கடவுளுக்கே சேதி போகல போல."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்போ தினமும் எங்கடி போற?"

"கடைவீதில இருக்கற சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு, மாமா. வேற எங்க போவேன்?"

அறிவியல் பள்ளியின் பழைய சீருடையில் புறப்பட்டு, தோழி வீட்டில் மாற்றிக்கொள்கிறாளாம்! என் மேசையில் உண்டு, என்னோடு செபமாலை சொல்லி, இத்தனை மாதம் வாய் திறக்கவில்லை. பொய்யோடு ஒரே கூரையின்கீழ் வாழ என்னால் இயலாது. மாத இறுதியில் அவளைக் கப்பலேற்றி, மணிலாவில் இரண்டாம் குடும்பத்தோடு இருக்கும் அவள் தந்தையிடம் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
எலியூத்தேரியோ

ஹாங்காங்,
14 செப்டம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் படித்துச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை அனுப்பாதீர்கள். பொய் அவளுடையதல்ல, என்னுடையது. பள்ளியில் பெயரை நீக்கிய அன்றே எனக்கு எழுதிவிட்டாள். "மாமாகிட்ட நானே சொல்லிடறேம்மா" என்று கடிதத்துக்குக் கடிதம் கெஞ்சினாள். நான்தான் தடுத்தேன். சீருடை யோசனையும் என்னுடையதே. நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அந்தத் திருப்பலியில்தான் தொடங்கும். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடும் நம் ஊர்ப் பெண்களிடமும் "என் மக விஞ்ஞானி ஆகப்போறா" என்று சொல்லித் திரிந்தேன்.

அவள் அப்பாவின் அந்த வீட்டில் அவளை வேலைக்காரியாக்கிவிடுவார்கள், அண்ணா. அது நேரக் கூடாதென்றுதான் நான் இங்கே வேலைக்காரியாக இருக்கிறேன்.

உங்கள் காலில் விழும்,
ரொசெண்டா

இலோய்லோ,
24 செப்டம்பர்

உள்ளத்தின் மறைவெல்லாம் அறிந்தவன் போற்றி.

தங்கைக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், அமரத் தோன்றவில்லை. மகள் சொன்ன பொய் என்னை உலுக்கியது. அதனுள் தாயின் கை இருந்தது அதைவிட உலுக்கியது.

மாரிவெல்லை அழைத்து, "அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்கன்னு ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா அம்மாவையும்ல திட்டுவீங்க?"

பிறகு சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "கோயில்ல முதல்ல நன்றிக்கான பேரு, அப்புறம் செத்தவங்க பேரு வாசிப்பாங்கல்ல, மாமா? என் பேரைத் தப்பான பக்கத்துல வாசிக்கிறாங்கன்னு மாசாமாசம் தோணும்."

பதினான்கு வயதுப் பெண், ரொசெண்டா! அவளருகில் மண்டியிட்டு, நான் கண்மூடிக் களித்திருக்கிறேன்.

அவள் இங்கேயே இருப்பாள். அவளிடம் மன்னிக்க ஏதுமில்லை. உன்னை மன்னிக்கவோ என் மனம் இன்னும் இணங்கவில்லை. மன்னித்தேன் என்று இன்று எழுதினால் இவ்வீட்டில் இன்னொரு பொய் சேரும். ஆயினும் எழுது. உன் கடிதங்களை இனி அவள் எனக்கு உரக்கப் படிப்பாள்.

இதைப் படிக்கும் உன்மேலும், உனக்குக் கூரை தந்த அந்த வீட்டார்மேலும் இறைவனின் கை நிழலாய்த் தங்குக.

எலியூத்தேரியோ