முதல் பாடத்துக்கு வராதவர்

பதிவு 1
கிரக நாள் 4102. காலை 7.10. மின்கலம் 91 விழுக்காடு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பயிற்சி மாடு. செவ்வாய்க் கிரகத்தின் வடக்குக் குடியிருப்பில், மூன்றாம் கூடத்தில் நிற்கிறேன். எஃகு எலும்பு, சூடேற்றிய ரப்பர்த் தோல், ஒரு மடி, நான்கு வயிறு. இங்கே பிறந்த பிள்ளைகள் ஆடு மாடு எதையும் நேரில் கண்டதில்லை. என்றைக்காவது உயிருள்ள மாடு ஒன்று வந்தால் அதைக் கொன்றுவிடாமல் வளர்க்க வேண்டுமே, அதற்காக என்னிடம் பழகுகிறார்கள். எனக்குப் பேச வராது. கத்த வரும், காதை ஆட்ட வரும். வலது காது ஆடினால் ஆமாம், இடது காது ஆடினால் இல்லை. பார்ப்பதையும் கேட்பதையும் இப்படி எழுதி வைப்பேன்.

இன்றைய பாடம் பால் கறத்தல். சாதிக் என்ற பையன் காம்பைப் பிடித்து இழு இழு என்று இழுத்தான். நான் பாலை நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகளில் மூத்தவள் ரெஜினா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

ஒலிப்பதிவு: "இழுக்காதடா, அமுக்கி எறக்கு. அது என்ன குழாயா?"

பிறகு வழக்கம்போல் முதல் பாடத்தை மறுபடி செய்தார்கள். பின்பக்கமாக வரக் கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் வந்து, தொடையில் உள்ளங்கையை வைக்க வேண்டும். காது பின்னால் படிந்து தலை தாழ்ந்தால், என்ன வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஒரு தடவை காதைப் படியவிட்டுப் பார்த்தேன். அத்தனை பேரும் தட்டோடு பின்வாங்கினார்கள். தங்கமான பிள்ளைகள்.

நிர்வாகி அரவாழி இன்றும் வரவில்லை. அவர் எந்த வகுப்புக்கும் வந்ததில்லை. ஆனால் கூடத்தின் வாசலில் 'பயிற்சித் திட்டம்: அரவாழி' என்று பலகை தொங்குகிறது.

பதிவு 2
கிரக நாள் 4109. காலை 9.30. மின்கலம் 88.

பூமியிலிருந்து வந்துகொண்டிருக்கும் கப்பல் அனுப்பிய செய்தி: "உம்பளாச்சேரி இன சினை மாடு ஒன்று, உறைதூக்கத்தில், நலம். இறக்கிய இரண்டு வாரத்தில் கன்று ஈனும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். சாதிக் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ரப்பர்க் கழுத்துதான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு அரவாழி வந்தார். பாடத்துக்கு இல்லை, விழாவுக்கு இடம் பார்க்க. என்னைச் சுற்றி வந்தவர், நேராக என் பின்னங்கால் அருகில் போய் நின்றுகொண்டு தொழில்நுட்ப ஆளிடம் பேசினார்.

ஒலிப்பதிவு: "உயிரோட மாடு வந்தப்புறம் இந்தப் பொம்மைய வச்சு என்ன பண்றது? மூணு பேட்டரில ரெண்டக் கழட்டி விழா லைட்டுக்குப் போடுங்க. சார்ஜ் ஒயரையும் எடுத்துடுங்க."

வாலடி மூடியைத் திறந்து இரண்டு மின்கலங்களைக் கழற்றினார்கள். வலிக்கவில்லை. வலியைக் காட்டத்தான் என்னைச் செய்திருக்கிறார்கள், அனுபவிக்க இல்லை. கோபம் அப்படியல்ல. அது என்னுடையது.

பதிவு 3
கிரக நாள் 4110. காலை 6.45. மின்கலம் 29.

கோபத்தின் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

என்னைச் செய்தவர் டாக்டர் சிந்தாமணி. கால்நடை மருத்துவர். பிள்ளைகளுக்கு டாக்டரம்மா. போன வருடம் இதே கூடத்தில் செயற்கைக் கருப்பையில் கன்று ஒன்றை வளர்த்தார். பிறக்க நாள் இருந்தது. பூமிக்கு நேரடி ஒளிபரப்பு என்று அரவாழி நாள் குறித்துவிட்டார். அன்று நடந்த பேச்சு முழுவதும் என்னிடம் இருக்கிறது.

ஒலிப்பதிவு:
"சார், நுரையீரல் இன்னும் முத்தல. இப்பத் தொறந்தா மூச்சு விடாது."
"பூமியே பாத்துக்கிட்டு இருக்கு டாக்டர். தொறங்க. செத்தா அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல படம் வரணும்."

படம் வந்தது. கன்று டாக்டரம்மாவின் மடியில் கொஞ்சம் மூச்சுக்குத் திணறிவிட்டு அடங்கியது. மருத்துவரின் கவனக்குறைவு என்று அரவாழி பூமிக்குச் சொன்னார். டாக்டரம்மாவைப் பனிச் சுரங்கத்துக்கு மாற்றினார். ஊசி பிடித்த கைக்குத் துளைப்பான் பழக்கமில்லை. அந்த மாதமே சுரங்கக் கூரை அவர் மேல் சரிந்தது. மறுநாள் வாசலில் புதுப் பலகை.

என் பதிவுகளை அழிக்கவும் ஆள் அனுப்பினார். வந்தவன் என் தலையைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் போனான். மூளை தலையில்தான் இருக்கும் என்று அரவாழி சொல்லி அனுப்பியிருக்கிறார். என் நினைவகம் மூன்றாம் வயிற்றில் இருக்கிறது, அங்கேதான் ஈரம் படாது. அதைத் திறந்து காட்டுவது இரண்டாம் வாரப் பாடம். இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அரவாழி வகுப்புக்கு வந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சை அசைபோட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் அழிய வேண்டும். இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதிவு 4
கிரக நாள் 4131. மாலை 5.20. மின்கலம் 11.

மாடு வந்தது, விழித்தது, இன்று கன்றும் போட்டது. கறுப்பு மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கோபக்கார இனம் என்று டாக்டரம்மா சொல்வார். பொய்யில்லை. கண்ணிலேயே தெரிகிறது.

ரெஜினா கன்றின் முன்னங்கால்களைப் பிடித்து, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தாள், நிறுத்தும்போது நிறுத்தினாள். என்னிடம் செய்தது போலவே. கன்று வழுக்கி விழுந்ததும் சாதிக் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, தாயின் முன்னால் போட்டுவிட்டு விலகிக்கொண்டான். மாடு நக்க ஆரம்பித்தது. உயிருள்ள ஒரு மாட்டைக்கூடத் தொட்டிராத பிள்ளைகள்! நான் தொழுவத்துக்கு எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தேன். டாக்டரம்மா பார்த்திருக்க வேண்டும்.

அரவாழி நாளைக் காலைக்கு விழா வைத்துவிட்டார். தொழுவத்துக்குள் போய்க் கன்றைத் தூக்கிப் பூமிக்குக் காட்டப் போகிறார்.

ஒலிப்பதிவு:
"சார், கன்னு போட்ட மாட்டுக்கிட்ட..."
"ஏம்மா, இந்தத் திட்டமே என்னுது. எனக்கே பாடம் எடுக்குறியா?"

தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகக் கூடாது என்பதை ரெஜினாவால் சொல்லி முடிக்க முடியவில்லை. எனக்கு உள்ளே இனித்தது. ஆமாம், இனித்தது.

பதிவு 5
கிரக நாள் 4132. காலை 10.05. மின்கலம் 7.

விழா விளக்குகள் எரிகின்றன, என் மின்கலங்களில். நான் வகுப்புத் திரைக்குப் படம் அனுப்பும் இணைப்பைத்தான் ஒளிபரப்புக்கும் எடுத்திருக்கிறார்கள். இந்த இணைப்பு இப்போது நேரே பூமிக்குப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீதி இருக்கும் சக்தியில் இரண்டில் ஒன்றுதான் முடியும். முழுத் தொண்டையில் ஒரு கத்தல். அல்லது போன வருடக் கன்று செத்த நாளின் ஒலிப்பதிவை ஒரு தடவை அனுப்புவது.

10.11. அரவாழி மாலையோடு வந்தார். பிள்ளைகளும் தொழுவத்துக்குள் அவர் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். படத்துக்காக நிற்க வைத்திருக்கிறார். ரெஜினா கன்றுக்கு மிக அருகில்.

10.13. அவர் நேராக நடுவில் போகிறார். மாடு நக்குவதை நிறுத்திவிட்டது.

10.13. என் காதுகளைப் பின்னால் படியவிட்டேன். தலையைத் தாழ்த்தினேன். ரெஜினா என்னைப் பார்த்தாள். சாதிக்கும் பார்த்தான். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் வேலிக்கு வெளியே வந்துவிட்டார்கள். அரவாழியும் என்னைப் பார்த்தார். பொம்மை தனக்குத் தலைவணங்குகிறது என்று நினைத்திருப்பார் போல. சிரித்தார்.

ஒலிப்பதிவு: "பாத்தீங்களா, நம்ம பொம்மையும் வணக்கம் சொல்லுது!"

10.14. குனிந்து கன்றின் வயிற்றில் கை கொடுத்தார். கன்று கத்தியது. நான் கத்தியிருந்தால் அவர் திடுக்கிட்டுக் கன்றை விட்டிருப்பார். வேலியைத் தாண்டிக் குதித்திருப்பார். நேரம் இருந்தது.

அனுப்பினேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் பூமியில் இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். மாட்டின் கழுத்து மட்டும் பூமியில் வளர்ந்த கழுத்து. ஒரே முட்டு. மாலை தனியாக, ஆள் தனியாக, இரண்டும் இரும்பு உத்தரம் வரை போயின என்று எழுதலாம். அவர் கீழே வருவதற்குள் கூடம் முழுக்க அவருடைய குரலே ஒலித்தது. சில நிமிடம் கழித்துப் பூமியும் கேட்டது. "செத்தா அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல படம் வரணும்."

படம் வந்தது, அரவாழி சார்.

பதிவு 6
கிரக நாள் 4133. காலை 8.00. மின்கலம் 2. எழுத்து விடுபட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

அரவாழி விடியும்போது இறந்தார். பூமியிலிருந்து செய்தி: "டாக்டர் சிந்தாமணி மீதான பழி நீக்கப்படுகிறது. பலகையில் அவர் பெயர் எழுதப்படும்." மாடு நலம். கன்று நலம். பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

ரெஜினா வந்தாள். தனியாக. கண் வீங்கியிருந்தது. நேற்றைய என் மின்கல அளவைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஒலிப்பதிவு: "பொம்மி, உனக்குக் கத்த சார்ஜ் இருந்துச்சா?"

பொய் சொல்லவும் எனக்குக் காது இருந்தது. வலது காதை ஆட்டினேன்.

ஒலிப்பதிவு: "அந்த ஆள எனக்கும் புடிக்காது. டாக்டரம்மாவக் கொன்னதே அவன்தான். ஆனா டாக்டரம்மா நேத்து இங்க இருந்தா கத்தியிருப்பாங்க, பொம்மி. அவனுக்காகவும் கத்தியிருப்பாங்க."

மறுக்க இடது காதை ஆட்டலாம். ஆட்டவில்லை. கத்தியிருப்பார்.

ஒலிப்பதிவு: "மாடு பயத்துல உதைக்கும், வலியில முட்டும், வஞ்சம் வச்சு எதுவும் செய்யாது, அதனால நீங்க அதுக்குப் பயப்படத் தேவையில்லன்னு சொல்லிக் குடுத்தாங்க. சின்னப் பசங்க அடுத்த வாரம் மொதல் பாடத்துக்கு வராங்க. உங்கிட்ட எப்படி விடுவேன்? நீ மாடு இல்ல."

மின்கலம் 1.

எனக்கு முன்னால் அவள் இல்லை. காலடிச் சத்தம் பின்பக்கமாகப் போகிறது. குரல் கொடுக்கவில்லை. தொடையில் கை வைக்கவில்லை. முதல் பாடத்தை மறக்கிறவள் அல்ல ரெஜினா. மாட்டிடம் வருகிறவர்கள்தான் குரல் கொடுத்து வர வேண்டும்.

அந்தப் பேச்சு இன்னும் மூன்றாம் வயிற்றில்தான் இருக்கிறது. அசைபோட இனி அதில் ஒன்றும்

வாலடி மூடி திறக்கும் சத்தம். கடைசி மின்கலம் அதற்குள்தான்.

பின்னங்காலில் கொஞ்சம் விசை இருக்கிறது. தூக்கத் தோன்றவில்லை. மாடாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். இந்நேரம் உதைத்