இடது தொடையில் சுட்ட குறி

வேலணை கிழக்கு
22.08.2003

என் அன்பு மகள் நிலாந்தினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நயினாதீவு அம்மாளின் காவலில் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகனும் அந்தக் குளிர்நாட்டில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே இன்னும் மழை இல்லை, கிணற்றில் உவர் ஏறிவிட்டது, குடிக்கிற தண்ணீரைச் சைக்கிளில் போய் எடுத்து வருகிறேன். வாசிகசாலையை வழக்கம்போலப் பின்னேரத்தில் திறக்கிறேன். பத்திரிகை பார்க்க வருகிறவர்கள் இப்போது என்னோடு அதிகம் கதைப்பதில்லை. அதற்குக் காரணம் உனக்குத் தெரியும் என்பதை நான் செவ்வாய்க்கிழமைதான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வங்களாவடிக் கடைக்கு ரெலிபோன் கோல் எடுத்து, சிவப்பி கன்று போட்டுவிட்டதா என்று கேட்டாய். இன்னும் நாள் இருக்கிறது, நன்றாக மேய்கிறது என்று நான் சொன்னேன். அது பொய். அன்றைக்குச் சிவப்பி செத்துப் பன்னிரண்டு நாள். கடையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்க, நீ அந்தப் பக்கத்தில் தனியாக அழுவாயே என்றுதான் அப்படிச் சொன்னேன். ஆனால் நீ அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே பதில் உனக்குத் தெரிந்திருந்தது. கோலை வைத்த பிறகு பிள்ளை மாட்டை மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்த நடையை நினைக்கத்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாதியை நீ மாமாவிடம் கேட்டிருப்பாய், மீதியை நான் சொல்ல வேண்டும். சண்டைக்குள் சனம் அவிழ்த்துவிட்டுப் போன மாடுகளும் அவற்றின் கன்றுகளும் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கட்டாக்காலியாகத் திரிந்ததும், சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு வெளியாட்கள் லொறியோடு வந்து நாலு காலையும் கட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனதும் நீ இங்கே இருக்கும்போதே தொடங்கியவைதான். பத்திரிகையில் கிழமைக்கு ஒரு செய்தி வரும், அடுத்த கிழமையும் அதே செய்தி வரும். முட்கம்பியில் கால் அறுபட்ட ஒரு நாம்பன் மாடு வாசிகசாலைக்குப் பின்னால் மூன்று நாள் கிடந்து செத்தது. அன்றைக்குத்தான் உன் மாமா, என் பரராசசிங்கம் அண்ணை, இந்தச் சீவன்களுக்கு ஒரு பட்டி அடைக்கப் போறன் தங்கச்சி, எழுத்து வேலையை நீ பார் என்று என்னிடம் வந்தார். குறி சுட்ட மாட்டை உரியவரின் சொல் இல்லாமல் பிடித்துக் கட்டுவது தீவில் வழக்கம் இல்லை. அதனால் எந்தக் குறி எந்த வீட்டுடையது என்று பக்கத்துக் காணி வல்லிபுரம் அண்ணையிடம் கேட்டுக் கேட்டு, ஒரு கொப்பியில் வரைந்து, உரியவர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கடிதம் போட்டேன். வவுனியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சம்மதம் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வைத்திலிங்கம் மாஸ்ரர், பரராசசிங்கத்தை எனக்குத் தெரியாது, மனோகரி எழுதினபடியால் சம்மதம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். பட்டியைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையும் நான் எழுதியதுதான். புனைபெயரில் எழுதியபடியால் உனக்கும் சொல்லவில்லை. உன் மாமா வாளியால் மொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை அதில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எழுதும்போது கண் கலங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன்.

கட்டாக்காலி ஆளைக் கண்டால் ஓடும், பழகிய மாட்டைக் கண்டால் பின்னால் வரும். அதனால் சிவப்பியின் கழுத்தில் மணியைக் கட்டி நானே கொண்டுபோய்ப் பட்டியில் விட்டேன். காலையில் வெளியே விட்டால் பின்னேரம் நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வரும். ஆவணி முதற்பாதியில் கன்று போடும் என்று கணக்கு, அதற்கு முன்னம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தேன். ஓம் ஓம், என்னட்ட விட்டது உன்ர கொட்டிலில கட்டின மாதிரி என்றார்.

ஏழாம் திகதி வல்லிபுரம் அண்ணை, காணாமற்போன ஆட்டைத் தேடிப் பட்டிக்குத் தெற்கே போனவர், பாழ்கிணறு ஒன்றில் நாற்றம் எடுக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஆறு தோல். குறி இருக்கும் வலப்பக்கத் தொடைத் துண்டை ஒவ்வொரு தோலிலும் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு தோலில் வெட்டிய இடத்தில் குறியே இருந்திருக்காது, ஏனென்றால் அதன் குறி மற்றப் பக்கம் இருந்தது. பெண்பிள்ளைக்குக் கொடுத்த மாட்டுக்கு இடது தொடையில் குறி சுடுவது எங்கள் வீட்டு வழக்கம், வேறு ஒரு வீட்டிலும் இல்லை. வெட்ட வந்த ஆட்களுக்கு அது எப்படித் தெரியும். வல்லிபுரம் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது தோலை விரித்துப் பார்த்தேன், நி என்ற எழுத்து அப்படியே இருந்தது. நீ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு மாமா சிவப்பியை நாகு கன்றாகக் கொண்டுவந்து கட்டி, மறுநாள் குறி சுட்டபோது, நீ காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாய். சூட்டுக்கோலைப் பிடித்தவர் மாமா. மாட்டின் கயிற்றைப் பிடித்தவள் நான். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது கொடுமையாகத் தெரியவில்லை, உனக்கு மட்டும் தெரிந்தது.

உன் மாமாவிடம் நேரே போனேன். ஆட்களை விட்டு இறைச்சிக்கு வெட்டியதை அவர் மறுக்கவில்லை. நீ புத்தகத்துக்குள்ள இருந்துகொண்டு கதைக்கிறாய், இத்தினை வாய்க்கு இந்தக் கோடையில புல்லுக்கு நான் எங்க போறது, எப்பிடியும் வெளியில இருந்து ஒருத்தன் வந்து வெட்டத்தான் போறான், அதை நான் செய்தால் மட்டும் பாவமோ என்றார். சிவப்பியுமா அண்ணை, வயிற்றில் கன்றோடயா என்று கேட்டேன். நான் குடுத்த மாடுதானே என்றார். பிறகு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன் என்றார். அந்தத் தேநீரைக் குடித்தேன், நிலாந்தி. ஏன் குடித்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வல்லிபுரம் அண்ணை பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். அவருடைய இரண்டு மாடும் அந்தப் பட்டியில்தான் நின்றன. உம்மட கையெழுத்தை நம்பித்தான் பிள்ளை ஊர்க் குறியெல்லாம் வாய்விட்டுச் சொன்னனான், இனிப் பேப்பரில என்ன எழுதப் போறீர் என்று கேட்டார். எழுதியது நான் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோலின் குறியை அடையாளம் காட்ட என்னைச் சாட்சியாகப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பொலிஸுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். மாமாவின் சட்டத்தரணி கொடுத்தது. இந்தப் பசு எனக்கு உரியது, இறைச்சிக்காக வெட்டும்படி நானே என் மாமாவுக்கு மனமொத்துக் கொடுத்தேன், என் தாயாருக்கு இதில் உரிமை இல்லை என்று எழுதி, பதினோராம் திகதி போட்டு, நீ கையெழுத்து வைத்திருக்கிறாய். நான் அதை இரண்டாம் தரம் வாசித்தேன். உன் எழுத்து முன்பைவிட அழகாக இருக்கிறது. பிறகு திகதியை மறுபடி பார்த்தேன். பதினோராம் திகதி இதை எழுதிவிட்டுப் பதினேழாம் திகதி என்னிடம் கன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கத்தானே கேட்டாய்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உன் அப்பா போன பிறகு உனக்குக் கொப்பி வாங்கித் தந்தவர் மாமா. நீ நோர்வேக்குப் போகும்போது கொழும்பில் மூன்று மாதம் லொட்ஜில் உன்னோடு நின்றவரும் அவர்தான். அம்மா புத்தகம் வாசித்து வாசித்து ஒரு மாட்டுக்காகக் கூடப்பிறந்தவனைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறாள், நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று உன்னிடம் அழுதிருப்பார். அவர் அழுதால் எனக்கும் மனம் இளகும். ஆனால் ஒரு கோல் எடுத்து, அம்மா, நடந்தது என்ன என்று நீ என்னைக் கேட்கவில்லை. அண்ணை என்னை ஏமாற்றியது மாட்டோடு. நீ ஏமாற்றியதை நான் எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. நான் எழுதப் படிப்பித்த கையால் எனக்கு எதிராக எழுதியிருக்கிறாய்.

செப்டெம்பர் ஒன்பதாம் திகதி ஊர்காவற்றுறையில் வழக்கு. நான் போகிறேன். கட்டுரை எழுதியது நான்தான் என்றும், ஆட்களிடம் சம்மதம் வாங்கிக் கொடுத்தது நான்தான் என்றும், அதில் என் பிழை உண்டு என்றும் முதலில் சொல்வேன். மாட்டுக்காரருக்கு ஒவ்வொருவராக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், வைத்திலிங்கம் மாஸ்ரருக்கு மட்டும் இன்னும் எழுத முடியவில்லை. உன் கடிதத்தைத் திருப்பி வாங்கு என்று உன்னைக் கெஞ்ச மாட்டேன். நீயாக உண்மையை எழுதி அனுப்பினால் அது உனக்கு நல்லது. எழுதாவிட்டாலும் நான் சொல்லப் போவது மாறாது. முன்கூட்டியே உனக்குத் தெரிய வேண்டும், நீ செய்த மாதிரி நான் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். கடைக்கு வந்து நின்று இவ்வளவையும் சொல்ல எனக்கு ஏலாது.

இனிமேல் யார் எதை நீட்டினாலும் வாசித்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்துக் கையெழுத்து வை. குளிர் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகனிடம் இதை மறைக்காமல் சொல். அவருக்கும் உனக்கும் அம்மாள் நீண்ட ஆயுளும் தெளிந்த புத்தியும் தரட்டும். என் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, கோபத்திலும் குறை வைக்கவில்லை, இரண்டையும் வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போலக் கடையில் நிற்பேன். வழக்கில் மாமாவின் சட்டத்தரணி என்னிடம் முதலில் கேட்கப்போவது, இது யாருடைய கையெழுத்து என்பதாக இருக்கும். என் மகளுடையது என்று சொல்வேன். அதில் எழுதியிருப்பது உண்மையா என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்வேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மனோகரி